பனைக்குக் கிளை இல்லைன்னு ரிப்போர்ட் எழுதலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். பாளையங்கோட்டை பக்கம் ஒரு காலேஜ்ல எம்.எஸ்சி. சைக்காலஜிக்கு கிளாஸ் எடுக்கேன். புரொஜெக்டிவ் டெஸ்டிங் பேப்பர் (மைக்கறையோ படமோ காட்டி, இல்ல எதையாவது வரையச் சொல்லி, மனசப் படிக்கப் பாக்குற டெஸ்டுக) இந்த வருஷமும் எங்கிட்டதான். செமஸ்டர் முடிஞ்சு ஸ்டூடண்ட்ஸ் ஃபீட்பேக் வந்துச்சு, வாசிச்சதுல இருந்து மனசே சரியில்ல. "ஸ்கோரிங் ஒரே தலைவலி, வேலைக்கும் உதவாது", "கிளி ஜோசியத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்", "ரோர்ஷாக் மைக்கறை கார்டு எல்லாம் பிளாக் அண்ட் ஒயிட் ஜெராக்ஸ்", இப்படி. ஒருத்தர் மட்டும் "இந்த ஒரு பேப்பர்லதான் மனுஷங்க பேசுறத உக்காந்து கேட்டோம்"னு எழுதியிருக்காங்க. கடைசியா ஒரு புள்ள, "நான் வரைஞ்ச மரத்த கிளாஸ்ல எல்லாருக்கும் காட்டி விளக்கம் சொன்னது எனக்குப் பிடிக்கல, அதுக்கப்புறம் எதையும் உண்மையா எழுதல"ன்னு எழுதியிருக்கா. பேரு போடல, ஆனா கையெழுத்து எனக்குத் தெரியும், திசையன்விளைப் பக்கத்துப் புள்ள. பனமரம் வரைஞ்சு நடுவுல ஒரு பொந்தும் போட்டிருந்தா, கிளை இல்லாததுக்கும் பொந்துக்கும் புக்குல உள்ளதத்தான் நான் சொன்னேன். அவ வீட்ல ஏதோ பிரச்சனைன்னு கேள்வி, அதான் இந்த ரெசிஸ்டன்ஸ் (மனசுல உள்ளத வெளிய விடாம எதிர்க்கது)னு நெனைக்கேன். ஹெச்.ஓ.டி. இந்தப் பேப்பரையே தூக்கிட்டு கவுன்சிலிங் ஸ்கில்ஸ் வச்சிரலாம்ங்காங்க. நான் என்ன செய்ய? (பேரு வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்: வணக்கம் தங்கச்சி. ஹெச்.ஓ.டி. சமாச்சாரம், ஸ்கோரிங், ஜெராக்ஸ் எல்லாத்துக்கும் வாரேன், ஆனா மொதல்ல அந்தப் புள்ள எழுதுனதப் பேசிருவோம், ஏன்னா நீங்க அத கடைசியா போட்டு, போட்ட கையோட ஒரு விளக்கமும் குடுத்து மூடி வச்சிட்டீங்க. அவ என்ன எழுதியிருக்கா? என் படத்த எல்லாருக்கும் காட்டுனீங்க, எனக்குப் பிடிக்கல, அதுக்குப் பொறவு நான் உண்மையா எழுதல. என்ன நடந்துச்சு, எப்படி இருந்துச்சு, அதனால அவ என்ன செஞ்சா, மூணும் பட்டுன்னு சொல்லியாச்சு. இதுல நாம தோண்டி எடுக்கதுக்கு என்ன ஒளிஞ்சு கெடக்கு? நீங்க கையெழுத்த வச்சு ஆளக் கண்டுபிடிச்சு, ஆள வச்சு வீட்டு நெலமைய யோசிச்சு, அத வச்சு ரெசிஸ்டன்ஸ்னு தீர்ப்பும் சொல்லிட்டீங்க, ஃபீட்பேக் ஃபார்மையும் ஒரு மைக்கறை அட்டை மாதிரி வாசிச்சிருக்கீங்க. நம்ம தொழில்ல இது பெரிய சீக்கு, யாராவது நம்மள ஒரு குத்தம் சொல்லிட்டா போதும், சொன்ன ஆளுக்கு என்ன கோளாறுன்னு பாக்க ஆரம்பிச்சிருவோம்.

அவ ஒருத்திதான் எழுதியிருக்கா, ஆனா அன்னைக்கு கிளாஸ்ல இருந்த எல்லாரும் பாத்துட்டாங்கல்லா, அடுத்து நம்ம படம்தான் போர்டுல ஏறும்னு. நம்பலைன்னா அதுக்குப் பொறவு அவங்க எழுதுன டி.ஏ.டி. (படத்தப் பாத்து கதை சொல்லுத டெஸ்ட்) கதையெல்லாம் எடுத்துப் பாருங்க. பையன் கஷ்டப்பட்டு படிச்சான், கலெக்டர் ஆனான், அம்மா சந்தோஷப்பட்டாங்கன்னு வரிசையா முடிஞ்சிருக்கும். அதுல என்னத்த ஸ்கோர் பண்ண, என்னத்த சொல்லிக்குடுக்க?

இப்ப அந்த மரத்துக்கு வருவோம். எச்.டி.பி.ங்கற வீடு, மரம், ஆளு வரையிற டெஸ்ட் 1948ல ஜான் பக் அமெரிக்காவுல கொண்டுவந்தது. கிளைன்னா வெளியுலகத்தோட உள்ள ஒட்டுதல், தண்டுல பொந்தோ தழும்போ இருந்தா பழைய காயம், அது எந்த உயரத்துல இருக்கோ அதக் கணக்குப் போட்டா எந்த வயசுல பட்டதுன்னு தெரியும், இப்படித்தான் புக்குல போட்டிருக்கும். வீட்டுக்குப் புகைக்கூண்டு எப்படி வரைஞ்சிருக்குன்னு அதுக்கும் ஒரு விளக்கம் உண்டு. தட்டட்டி வீட்லயும் ஓட்டு வீட்லயும் வளந்த நம்ம ஊரு புள்ளைக புகைக்கூண்டுக்கு எங்க போக? திசையன்விளை, உடன்குடி, தேரிக்காட்டுப் பக்கம் ஒரு புள்ளைய மரம் வரைன்னு சொன்னா அவ பனைதான் வரைவா, பனைக்கு ஓலை உண்டு, மட்டை உண்டு, கிளை கெடையாது. பட்டுப்போன பனைல பச்சக்கிளி பொந்துக்குள்ள கூடு வைக்கது அந்தப் பக்கத்து சின்னப் புள்ளைகளுக்கும் தெரியும். இத வச்சுக்கிட்டு ஒட்டுதல் இல்ல, சின்ன வயசுல அடிபட்ட மனசுன்னு முப்பது கண்ணு பாக்க சொன்னா அவ எப்படி உக்காந்திருப்பா!

இன்னொண்ணு, பக் சொன்ன முறையிலயே படம் வரைஞ்சு முடிச்ச பொறவு வரைஞ்ச ஆள்கிட்ட கேள்வி கேக்கது ஒரு முக்கியமான பாகம். இது என்ன மரம், எங்க நிக்கி, உசுரோட இருக்கா, பக்கத்துல வேற மரம் உண்டா, இப்படி. நம்மாளுக அத விட்டுட்டு படத்துல இருந்து நேரா அர்த்தத்துக்குத் தாவிருதாங்க. கேட்டிருந்தா "அது கிளிப் பொந்து மேடம்"னு சொல்லியிருப்பாளோ என்னமோ. ஒருவேள வேற எதையாவது சொல்லியிருந்தா, அத தனியா உக்காந்து கேக்கணும், கிளாஸ்ல இல்ல.

சரி, ஊருக்கு ஏத்த மாதிரி விளக்கத்த மாத்திக்கிட்டா போதுமா, பனைக்கு ஒரு கணக்கு வேம்புக்கு ஒரு கணக்குன்னு? அதுவும் பத்தாது தங்கச்சி. 1967ல சாப்மன்னு ஒரு புருஷன் பொஞ்சாதி, ரெண்டு பேருமே ஆராய்ச்சியாளருங்க, ஒரு வேல செஞ்சாங்க. பேஷண்ட்ஸ் வரைஞ்ச ஆளு படங்கள எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் கீழ "இவர் எல்லாரையும் சந்தேகப்படுதவர்", "இவருக்கு தன் புத்திசாலித்தனத்தப் பத்தி கவலை"ன்னு எதையாவது கண்ணாபின்னான்னு சேத்து வச்சாங்க, படத்துக்கும் வரிக்கும் நெசத்துல ஒரு சம்பந்தமும் கெடையாது. அத ஒண்ணும் தெரியாத காலேஜ் பசங்ககிட்ட குடுத்து, என்ன தொடர்பு தெரியுதுன்னு கேட்டா, சந்தேகக்காரங்க கண்ண வித்தியாசமா வரையிதாங்க, புத்திக் கவலை உள்ளவங்க தலைய பெருசா வரையிதாங்கன்னு சொன்னாங்க. அனுபவம் உள்ள கிளினிக்கல் ஆளுகளும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க! இல்லாத தொடர்ப இருக்குன்னு மனசு பாத்துருது, ஏன்னா கண்ணுன்னா சந்தேகம், தலைன்னா புத்தின்னு நமக்குள்ள ஏற்கெனவே ஒட்டிக் கெடக்கு. பொந்துன்னா காயம்ங்கறதும் அந்த சாதிதான்.

அதனால அந்த கிளி ஜோசியம்னு எழுதுன ஆளு மேல கோவப்படாதீங்க. எனக்கு அந்த கமெண்ட்டுதான் அந்தக் கட்டுலயே பிடிச்சுது. ஏன்னா ஒரு சைக்காலஜி படிக்கிற பிள்ளைக்கு வரவேண்டிய சந்தேகம் அதுதான், அது வந்திருக்குன்னா நீங்க ஏதோ உருப்படியா நடத்தியிருக்கீங்க. ஆனா அந்த சந்தேகத்த கிளாஸுக்கு வெளிய நிறுத்திட்டு, பாடம் ஒரு பக்கம் எவிடன்ஸ் ஒரு பக்கம்னு ஓட்டுனா பிள்ளைகளுக்கு கோவம் வராம என்ன செய்யும்? சந்தேகத்தையே பாடமா வைங்க. சாப்மன் சோதனைய கிளாஸ்லயே ஒரு பீரியடுல செஞ்சு காட்டலாம், பத்துப் பதினஞ்சு படம், அதுக்குக் கீழ குலுக்கிப் போட்ட வரி, அவ்ளோதான் செலவு. தானே ஏமாந்த பொறவு எந்தப் பிள்ளையும் பொந்தப் பாத்துட்டு காயம்னு ரிப்போர்ட் எழுத மாட்டா.

ஈவ்லின் ஹூக்கர்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் கதையையும் சொல்லுங்க. ஒரே பால் ஈர்ப்பு உள்ள ஆம்பளைங்களெல்லாம் மனநோயாளின்னு டாக்டருங்களே நம்பிக்கிட்டிருந்த காலத்துல, அந்தம்மா அப்படி 30 பேரு, மத்த ஆம்பளைங்க 30 பேருன்னு எடுத்து ரோர்ஷாக், டி.ஏ.டி. எல்லாம் குடுத்து, யாருது எதுன்னு சொல்லாம பெரிய பெரிய நிபுணருங்ககிட்ட நீட்டுனாங்க. ரோர்ஷாக்க வாசிச்சவரு யாரு, அந்த டெஸ்ட்டுல பெரிய பேரு வாங்குன குளோப்ஃபர்! அவராலயே யாரு எந்தப் பக்கம்னு பிரிக்க முடியல. 1957ல அந்தக் கட்டுரை வந்துச்சு, 1973ல அமெரிக்க சைக்கியாட்ரி சங்கம் ஒரே பால் ஈர்ப்ப நோய்ப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க, அதுக்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம். பாருங்க, இதே புரொஜெக்டிவ் டெஸ்ட்ட ஒழுங்கா, பேர மறைச்சு நடத்துனதாலதான் ஒரு பெரிய பொய்யி ஒடைஞ்சுது. இத விட்டுட்டு டெஸ்ட் நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் வச்சு என்ன பிரயோஜனம்?

அதுக்காக எல்லாமே குப்பைன்னும் சொல்லிராதீங்க, அது இன்னொரு சோம்பேறித்தனம். 2000த்துல லிலியன்ஃபெல்டும் கூட்டாளிகளும் இந்த டெஸ்ட் எல்லாத்தையும் அலசி, கொஞ்சம் ஸ்கோர் தவிர மத்ததுக்கு ஆதாரம் ரொம்ப நோஞ்சான்னு எழுதுனாங்க. 2013ல மிஹுராவும் கூட்டாளிகளும் ரோர்ஷாக்குக்கு ஸ்கோர் போடுத எக்ஸ்னர் முறைல (அவரப் பத்தி கீழ சொல்லுதேன்) உள்ள 65 ஸ்கோரையும் ஒண்ணொண்ணா எடுத்து இதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் சேத்துப் பாத்தாங்க. யோசனை கொழம்பியிருக்கா, கண்ணுக்கு முன்னால உள்ளத உள்ளபடி பாக்காங்களான்னு அளக்கிற ஸ்கோருக்கு ஆதாரம் நல்லாவே நின்னுச்சு, நெறைய மத்ததுக்கு நிக்கல. கறாரா எதிர்த்துக்கிட்டிருந்தவங்களே பின்னால அந்த முதல் பாகத்த ஒத்துக்கிட்டாங்க. பரீட்சைல கேக்கணும்னா இதக் கேளுங்க: ஒரு ரிப்போர்ட்டக் குடுத்து, இதுல எந்த வரி தாங்கும், எது தாங்காது, ஏன்னு எழுதுன்னு.

ஸ்கோரிங் தலைவலிங்கறதுக்கு: ஆமா, தலைவலிதான். ரோர்ஷாக் 1921ல பத்து அட்டையோட வெளியிட்டாரு, அடுத்த வருஷமே 37 வயசுல செத்தும் போயிட்டாரு, மேல என்ன செய்யணும்னு சொல்ல ஆளு இல்ல, அமெரிக்காவுல ஆளாளுக்கு ஒரு முறைன்னு அஞ்சு முறை கெளம்பிருச்சு. அதையெல்லாம் சலிச்சு எடுத்து 1974ல ஒரே முறையா கட்டுனவருதான் ஜான் எக்ஸ்னர். அட்டையில எந்த எடத்துல பாத்தான், எத வச்சுப் பாத்தான், உருவம் பொருந்துதா, நெறம் எவ்ளோ வேல செஞ்சுது, அசைவு உண்டா, இத்தனையும் ஒவ்வொரு பதிலுக்கும் கோட் போடணும், 14 பதிலுக்குக் கொறஞ்சா அத ஏத்துக்கவே கூடாது. இத ஒரு செமஸ்டர்ல முழுசா கத்துக்கிட முடியாது, கத்துக்குடுத்துட்டோம்னு நெனைக்கதும் தப்பு. நான்னா என்ன செய்வேன்னா, டேபிள் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வைக்கத விட்டுட்டு, கேக்கதையும் எழுதிக்கிடுததையும் மட்டும் கறாரா பழக்குவேன். வந்த ஆளு சொன்னத சொன்ன வார்த்தையிலயே எழுதணும், தமிழ்ல சொன்னா தமிழ்லயே. "ரெக்கார்டு இங்கிலீஷ்ல வேணும்"னு சொல்லி, "அது ஒரு மாரி பம்மிக்கிட்டு வருது அண்ணே"ன்னு ஒருத்தன் சொன்னத இங்கிலீஷ்ல நடக்குதுன்னு எழுதி வச்சா, அந்தப் பம்மல் போயிருச்சுல்லா, கோட் போட என்ன மிச்சம் இருக்கு?

நம்ம ஊருக்குன்னு ஒரு சங்கதி இதுல உண்டு. எந்த அட்டைன்னு இங்க எழுத மாட்டேன், நாளைக்கு டெஸ்ட்டுக்கு வாரவங்களும் இத வாசிப்பாங்க. ஒரு ஆளு அட்டையப் பாத்ததும் "சொடலமாடசாமி அருவாளோட நிக்காரு"ன்னு சொல்லுதான்னு வச்சுக்கோங்க. எக்ஸ்னர் கணக்குல நெசமான மனுஷனுக்கு ஒரு கோட், கதையில புராணத்துல வர்ற மனுஷ உருவத்துக்கு வேற கோட். மாடன் இதுல எந்தப் பக்கம்? கொடைக்கு வருஷம் தவறாம ஊருக்குப் போயி, சாமி வந்து ஆடுதவரு கையால திருநீறு வாங்கிட்டு வாரவனுக்கு அவரு கதையில வர்ற ஆளா? உருவம் பொருந்துதான்னு பாக்க வேண்டிய பட்டியலும் வெளிநாட்டு ஆளுகள வச்சுப் போட்டது, அதுல மாடனும் இசக்கியும் இருக்க மாட்டாங்க. பட்டியல்ல இல்லைங்கறதுக்காக இது விபரீதமான பதில்னு ஒரு பிள்ளை எழுதிட்டா, ஒரு நல்ல மனுஷன கோட்டின்னு எழுதுன மாதிரி ஆயிரும். இத ஒரு பீரியடு பேச விடுங்க, ஸ்கோரிங் போரடிக்கின்னு எவனும் சொல்ல மாட்டான். டி.ஏ.டி.க்கும் இதேதான், மர்ரேயும் மார்கனும் 1935ல கொண்டுவந்த படத்துல கோட்டு போட்ட வெள்ளக்காரங்க இருப்பாங்க, நம்ம நாட்டுக்குன்னு உமா சௌத்ரி 1960ல மாத்தி வரைஞ்ச படங்கள் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒரே ஆள்கிட்ட கதை கேட்டாலே பாதி பாடம் முடிஞ்சுது.

ஜெராக்ஸ் விஷயத்துல பிள்ளைங்க பக்கம்தான் முழு நியாயம். பத்து அட்டைல அஞ்சுல கலர் உண்டு, நெறத்துக்குன்னே தனி கோட் இருக்கு, மிச்ச அட்டையிலயும் கருப்போட ஏத்த எறக்கம்தான் விஷயமே. அத ஜெராக்ஸ் எடுத்தா கரி பூசுன தாள்தான் மிஞ்சும். கலர நடத்திட்டு கலர் இல்லாத அட்டையக் குடுத்தா அவன் என்னத்த ஸ்கோர் பண்ணுவான்? ஹெச்.ஓ.டி.கிட்ட சண்டை போடணும்னா இதுக்குப் போடுங்க, டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரே ஒரு செட்டு ஒரிஜினல் இருந்தா வருஷக்கணக்கா வரும்.

பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் டெஸ்ட் பண்ணி, அத நீங்க வாசிச்சு, நீங்களே இன்டர்னல் மார்க்கும் போடுத ஏற்பாட்ட இந்த வருஷத்தோட நிறுத்திருங்க. மார்க் போடுதவங்க கையில தன் மனசக் கொண்டுபோயி குடுக்கச் சொல்லுதது எந்த ஊரு நியாயம்? அமெரிக்க சைக்காலஜி சங்கத்து ஒழுக்க விதியில, ஸ்டூடண்ட்ட சொந்த விஷயத்த வெளிய சொல்ல வைக்கக் கூடாதுன்னு தனியாவே ஒரு விதி இருக்கு, முன்கூட்டியே தெளிவா சொல்லி சேத்திருந்தா ஒழிய. பழகுறதுக்கு வேற வழி இருக்கு. நீங்களே ஒரு கற்பனை ஆள எழுதுங்க, பதிலெல்லாம் முன்கூட்டியே தயார் பண்ணி ஒரு பிள்ளை அந்த ஆளா நடிக்கட்டும், இன்னொரு பிள்ளை டெஸ்ட் எடுக்கட்டும். நெசமான ஆளு வேணும்னா கிளாஸுக்கு சம்பந்தமில்லாத, விருப்பப்பட்டு சம்மதம் எழுதிக்குடுத்த ஆளா இருக்கணும், பேரு ஊரு எடுத்துட்டுத்தான் கிளாஸுக்குள்ள வரணும், இது பழகுறதுக்கு மட்டும், ரிசல்ட் சொல்ல மாட்டோம்னு மொதல்லயே சொல்லிரணும். சில நேரம் கதைக்குள்ள சாவுப் பேச்சு வரும், அப்ப டெஸ்ட் எடுக்க பிள்ளை முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, யாருகிட்ட உடனே சொல்லணும், டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு எப்பக் கூப்பிடணும்னு முதல் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துருங்க.

பேப்பரத் தூக்கணுமான்னு கேட்டீங்க. தூக்க வேண்டாம். கவுன்சிலிங் ஸ்கில்ஸ் வேணும்தான், ஆனா அதுக்காக இது போகணும்னு இல்ல. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள கிளினிக்கல் சைக்காலஜி படிப்புக்குப் போற பிள்ளை அங்க போயி இதத் தொட்டே ஆகணும். போகாத பிள்ளையும் நாளைக்கு ஸ்கூல்லயோ ஆஸ்பத்திரியிலயோ வேலைக்கு நின்னா, யாரோ எழுதுன ரிப்போர்ட் ஒண்ணு கையில வந்து சேரும், அதுல பொந்து காயம்னு இருக்கும், அத நம்பலாமா கூடாதான்னு சொல்ல அவளுக்குத் தெரியணும்லா. பட்டாளத்து ஆபீசர் செலக்‌ஷனுக்குப் போற நம்ம பசங்களுக்கும் படத்தப் பாத்து கதை எழுதுற டெஸ்ட் உண்டு, அதுக்கு ரெடிமேட் கதை மனப்பாடம் பண்ணிட்டுப் போறவங்க எத்தன பேரு! அந்தக் கதைகள வச்சே ஒரு நல்ல டெசர்ட்டேஷன் செய்யலாம், யாராவது கேட்டா சொல்லுங்க. ஹெச்.ஓ.டி.கிட்ட பேரத் தக்க வச்சுக்கிட்டு உள்ள உள்ளத மாத்துதேன்னு சொல்லுங்க, ரோர்ஷாக்கக் கொறச்சு, செண்டன்ஸ் கம்ப்ளீஷனையும் (பாதி வாக்கியத்தக் குடுத்து முடிக்கச் சொல்லுதது) டி.ஏ.டி.யையும் தமிழ்ல கூட்டி, ஆதாரத்துக்கு ஒரு யூனிட் முழுசா ஒதுக்கி. அந்த "மனுஷங்க பேசுறத கேட்டோம்"னு எழுதுன ஆளு சொன்னதும் இதத்தான், அட்டையோட மகிமை ஒண்ணும் இல்ல அது, ஒரு ஆளு பேச பேச குறுக்க பேசாம எழுதிக்கிட்டது.

ஃபீட்பேக் வாங்குதையும் மாத்துங்க. கையால எழுதவே வேண்டாம், டைப் பண்ணட்டும், வேற டிபார்ட்மெண்ட் ஆளு வாங்கட்டும், இன்டர்னல் மார்க் வெளிய வந்த பொறவு வாங்கட்டும். அஞ்சுக்கு எத்தனைங்கற ஆவரேஜ அக்ரெடிட்டேஷன் ஃபைலுக்கு விட்டுருங்க, சின்ன கிளாஸ்ல ரெண்டு பேரு கோவப்பட்டா அது கீழ போயிரும், ரெண்டு பேருக்கு உங்களப் பிடிச்சா மேல ஏறிரும். செமஸ்டர் பாதியிலயே ஒருக்க கேளுங்க, அப்பத்தான் மாத்துறதுக்கு நேரம் இருக்கும்.

அந்தப் புள்ளைய மட்டும் தனியா கூப்பிட்டு "நீதான எழுதுன"ன்னு பேசிராதீங்க, எவ்ளோ அன்பா பேசுனாலும் சரி, பேரு போடாம எழுதுனது கண்டுபிடிச்சிட்டாங்கன்னு ஆயிரும், அடுத்த பேட்ச் ஒரு வரி எழுத மாட்டாங்க. மொத்த கிளாஸ்லயும் சொல்லுங்க: உங்க படத்தையும் கதையையும் எல்லாரு முன்னாலயும் விளக்குனது சரியில்ல, அந்த விளக்கத்துக்கு ஆதாரமும் கெடையாது, நான் சொன்னத யாரும் தலைக்கு எடுத்துக்கிடாதீங்கன்னு. இப்படி சொன்னா டீச்சருக்கு மரியாத கொறையும்னு ஹெச்.ஓ.டி. சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும். சொல்லி முடிச்ச கையோட படம், கதை எல்லாத்தையும் அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடுத்துருங்க, ரெக்கார்டு நோட்டுல ஒட்டியிருந்தா அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் குடுங்க, எக்ஸ்டர்னல் வந்து எங்கன்னு கேட்டா அதுக்குப் பதிலா அந்தக் கற்பனை ஆளோட ரெக்கார்டக் காட்டுங்க.